எஞ்சின் போன தடத்தில் எங்களுக்கு என்ன வேலை?

நீராவி எஞ்சின் மேல் ஆசைப்பட்டு யாராவது எங்கள் குழுவைத் தேடி வந்தால், முதல் காரியமாக அவர் கையில் ஒரு கம்பி பிரஷைக் கொடுத்துவிடுவோம். கூடவே ஒரு டப்பா டீசல், கிழிந்த பனியன் துணி. பாதிப் பேர் மறுவாரம் எட்டிப் பார்ப்பதில்லை. மிச்சம் நிற்கிறவர்களை வைத்துத்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம்.

எனக்குச் செங்கோட்டையில் லேத் பட்டறை. வீடு புளியரையில், கேரள எல்லைக்கு இந்தப் பக்கம். குழுவில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், ஆரியங்காவில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், தென்மலைப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்கள், பாலிடெக்னிக் பையன்கள் சிலர். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு. 1956-ல் எல்லை பிரிக்கும்வரை செங்கோட்டையே மலைக்கு அந்தப் பக்கத்து அரசோடுதான் இருந்தது என்பதால் இங்கே யாருக்கும் அது வித்தியாசமாகப் படாது.

எங்களைச் சேர்த்து வைத்தது செங்கோட்டை–புனலூர் தடம். 49 கிலோமீட்டர் மலைப்பாதை. 1904 ஜூனில் கொல்லத்திலிருந்து புனலூர் வரை வண்டி ஓடத் தொடங்கியது. அதே வருடம் நவம்பரில் மலையைக் கடந்து செங்கோட்டைக்கு வந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஓடிய மீட்டர் கேஜ் 2010 செப்டம்பரில் நின்றது. 2018-ல் அகலப்பாதை வந்தது. பகவதிபுரம், ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை என்று ஊர் வரிசை அதேதான். கழுதுருட்டிப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பதிமூணு கண் பாலமும் நிற்கிறது. மாறியது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம். 1000 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் இப்போது 1676.

இந்த 676 மில்லிமீட்டர்தான் எங்கள் முதல் கனவைத் தின்றது. மலையில் மறுபடி ஒரு கரி எஞ்சின் ஓட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நடையாவது ஓட வேண்டும் என்றுதான் குழு ஆரம்பித்தோம். மனு எழுதினோம், கையெழுத்து வாங்கினோம். ஒரு அலுவலகத்தில் எங்கள் கடிதம் மேசை மேசையாக நகர்ந்து, கடைசியில் எங்களுக்கே "உரிய துறையை அணுகவும்" என்று திரும்பியது. உரிய துறை அவர்கள்தான்.

அந்தச் சமயத்தில் தலைமை ஆசிரியை அக்கா, வேல்ஸ் நாட்டு டாலிலின் ரயில்பாதையின் கதையைத் தேடிப் படித்து வந்து சொன்னார். 1865-ல் ஸ்லேட் கல் சுமக்கப் போட்ட குட்டி ரயில்பாதை அது. உரிமையாளர் 1950-ல் இறந்துபோக, மூட வேண்டிய தடத்தை ஊர் ஊராக இருந்த ரயில் பித்தர்கள் சேர்ந்து கையில் எடுத்தார்கள். 1951 மே மாதம் வண்டி ஓட்டினார்கள். தன்னார்வலர்கள் ஏற்று நடத்திய முதல் ரயில்பாதை என்று உலகம் அதைத்தான் சொல்கிறது. அவர்கள் எடுத்தபோது ஓடும் நிலையில் இருந்தது 1866-ல் செய்த டோல்கோக் என்ற ஒற்றை எஞ்சின். தண்டவாளத்தை ஆணி பிடித்திருக்கிறதா, முளைத்த புல் பிடித்திருக்கிறதா என்று சந்தேகப்படும்படி கிடந்ததாம் பாதை. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எஞ்சின் ஓட்டக் கிடைக்கவில்லை. புல் வெட்டினார்கள், கட்டை மாற்றினார்கள், ஜல்லி இடித்தார்கள்.

கேட்டதும் எங்கள் பையன்களுக்கு ஒரே உற்சாகம். எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். அவர்களுக்குப் பாதை இருந்தது, எஞ்சின் இருந்தது, விட்டுக்கொடுத்த குடும்பம் இருந்தது. நமக்கு மூன்றுமே இல்லை. மீட்டர் கேஜ் தண்டவாளம் ஏலத்தில் போய்விட்டது. இருக்கிற பாதை நாள்தோறும் வண்டி ஓடுகிற அரசு ரயில்வேயின் பாதை, மேலே மின்கம்பியும் வந்தாயிற்று. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள முடிவது புல் வெட்டிய புத்தியை மட்டும்தான் என்றேன். கொஞ்ச நாள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் அதற்குப் பிறகுதான் உருப்படியாக ஏதோ செய்ய ஆரம்பித்தோம்.

நீராவி வண்டி என்பது எவ்வளவு ஆள் தின்னும் சாமான் என்பதை ஓய்வு பெற்ற லோகோக்காரர்களிடம் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் நான் புரிந்துகொண்டேன். டீசல் எஞ்சினைப் பொத்தான் அழுத்திக் கிளப்பலாம். குளிர்ந்து கிடக்கிற பாயிலரில் நெருப்பு வைத்து, தகடும் குழாயும் ஒரே சீராகச் சூடேறி, ஓட்டும் அளவு அழுத்தம் வர மணிக்கணக்காகும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் குழாய் ஒழுகும். ஓடி வந்தால் சாம்பல் தள்ள வேண்டும், அடுப்பில் உருகிக் கட்டிப்போன கரிக்கசடான கிளிங்கரை உடைத்து எடுக்க வேண்டும். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாயிலரைக் காலி செய்து உள்ளே படிந்த சுண்ணத்தைக் கழுவ வேண்டும். இங்கிலாந்துப் பாரம்பரிய ரயில்களில் பத்து வருடத்துக்கு ஒருமுறை பாயிலரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது வழக்கம். செலவு கிடக்கட்டும், இதைத் தொட்டுச் செய்த கை எங்கே இருக்கிறது? இந்தியாவில் வழக்கமான ரயில்களுக்கென்று கடைசியாகச் செய்த நீராவி எஞ்சின், மீட்டர் கேஜ் ஒய்ஜி வகை, 1972-ல் சித்தரஞ்சன் எஞ்சின் ஆலையிலிருந்து வெளியே வந்தது. அந்த வருடம் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. இரும்பு இன்னும் ஐம்பது வருடம் கிடக்கும். ஆள் கிடக்க மாட்டார். எங்கள் வேலை வரிசையே இந்தக் கணக்கிலிருந்துதான் மாறியது: முதலில் ஆட்கள், அப்புறம் காகிதம், அப்புறம் இரும்பு.

எங்கள் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எஞ்சின் துடைக்கிற கிளீனராகச் சேர்ந்து, பயர்மேனாகி, ஷன்டராகி, டிரைவராக ஓய்வு பெற்றவர். கணவாய் ஏற்றத்தைப் பற்றி அவரிடம் கேட்டபோது சொன்னதை அப்படியே தருகிறேன்.

"ஏத்தத்துல புகைபோக்கி முன்னால தூக்கிக்கிட்டு நிக்கும்லா, அப்ப தண்ணி பூரா பின்னால அடுப்புப் பக்கம் வந்துரும். கண்ணாடி நெறஞ்ச மாதிரி காட்டும். அதை நம்பிரக் கூடாதுய்யா. உச்சி தாண்டி எறக்கத்துல மூக்கு சாஞ்ச உடனே தண்ணி முன்னால ஓடும். அடுப்புக்கு மேல இருக்க தகடு காஞ்சு போச்சுன்னா ஈயத் தக்கை உருகி ஆவி நெருப்புல எறங்கிரும். வண்டி மலையில நிக்கும், ஒன் பேரு லைன் பூரா நாறும்."

இதை எந்தப் புத்தகத்திலும் இப்படி நான் படித்ததில்லை. பாயிலரில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கேஜ் கிளாஸ் என்ற ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் ஏற்றத்தில் ஒரு கணக்கும் இறக்கத்தில் ஒரு கணக்கும் காட்டும் என்பதும், அதனால் உச்சிக்கு முன்பே இஞ்ஜெக்டரைத் திறந்து தண்ணீர் ஏற்றிவைக்க வேண்டும் என்பதும், ஏற்றினால் ஆவி அழுத்தம் குறையும், குறைந்தால் ஏற்றத்தில் வண்டி திணறும் என்பதும், இரண்டுக்கும் நடுவில் ஒரு பயர்மேன் தவித்த தவிப்பும் இந்தத் தடத்துக்கே உரிய அறிவு. குகைக்குள் புகை சூழும்போது ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு குனிந்து நின்றதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இப்படிப்பட்டவர்களிடம் பேச்சைப் பதிவு செய்ய யாராவது கிளம்பினால், நாங்கள் பழகிய சில விஷயங்கள் உதவும். வருடம், தேதி கேட்டு ஆரம்பிக்காதீர்கள். பரீட்சை எழுதுகிற மாதிரி விறைத்துப்போவார்கள். கையில் ஒரு சாமானோடு போங்கள். ஒற்றைத் தடத்தில் போக அனுமதியாக டிரைவரிடம் கொடுத்த பழைய டோக்கன் பந்து, கை விளக்கு, அட்டை டிக்கெட், எதுவானாலும் சரி. நாங்கள் ஒருமுறை கரி அள்ளும் ஷவல் கொண்டுபோனோம். மாமா அதை வாங்கி, உட்கார்ந்தபடியே மணிக்கட்டைத் திருப்பி, அடுப்பின் நான்கு மூலைக்கும் கரி எப்படி விழ வேண்டும் என்று காட்டினார். ஒலிப்பதிவு மட்டும் செய்திருந்தால் அது போயிருக்கும். அதிலிருந்து எப்போதும் வீடியோதான்.

காது கேட்காது என்பதையும் மனதில் வையுங்கள். பல வருடம் பாயிலருக்குப் பக்கத்தில் நின்றவர்கள். கத்திப் பேசினால் கோபம் வருகிறது. நேராக முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசினால் உதட்டை வைத்தே பிடித்துக்கொள்கிறார்கள். மனைவியையும் கூட உட்கார வையுங்கள். இது அக்காவின் யோசனை. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி டியூட்டிக்கு எழுப்புகிற கால்பாய், அவன் கொண்டுவரும் நோட்டில் வாங்கும் கையெழுத்து, அந்த நேரத்தில் கட்டிக்கொடுத்த புளிச்சோறு, கரி படிந்த சட்டையைச் சோடா உப்புப் போட்டு வெளுத்தது, இந்த ரயில்வேயெல்லாம் அத்தைமார் வாயிலிருந்து வந்ததுதான். மாமா இருபது நிமிடத்தில் முடித்த ஒரு கதையை அத்தை நிறுத்தித் திருத்தி இரண்டு மணி நேரமாக்கினார்.

காகிதத்துக்கு ஒரே ஒரு புத்திமதி. லேமினேட் செய்யாதீர்கள். ரயில்வே ஊழியர்களுக்கென்று அச்சடித்த பழைய வொர்க்கிங் டைம்டேபிளைப் பத்திரப்படுத்துகிறேன் என்று கடையில் கொடுத்து பிளாஸ்டிக்கில் சூடாக ஒட்டிவிடுகிறார்கள். அப்புறம் அதைப் பிரிக்க முடியாது. படம் எடுத்துவிட்டு, வேப்பிலையோ நாப்தலினோ எதையும் மேலே படவிடாமல், காற்றுப்போகும் அட்டைப்பெட்டியில் வையுங்கள். ஆரியங்காவு ஈரத்தில் ராமபாணப் பூச்சி விருந்து வைக்கும், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இரும்புக்கு வருவோம். நான் இரும்புக்காரன், இதில் கொஞ்சம் நீட்டுவேன்.

தடம் போனாலும் தண்டவாளம் ஊரை விட்டுப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் பழைய தண்டவாளத் துண்டு இல்லாத தெருவே குறைவு. வேலிக்கால், மாட்டுக்கொட்டில் உத்தரம், ஓடை மேல் போட்ட பாலம், கோயில் பந்தல் கால், பட்டறைகளில் பட்டடை. இவற்றின் நடுத்தண்டில் எழுத்து புடைத்திருக்கும். செய்த கம்பெனி, வருடம், எடைக் குறி. 60 ஆர் என்றிருந்தால் ஒரு கெஜத்துக்குச் சுமார் 60 பவுண்டு எடையுள்ள தண்டவாளம் என்று பொருள். துருவில் மறைந்த எழுத்தைப் படிக்க, டீசல் தடவி ஒரு ராத்திரி ஊறவிட்டு, கம்பி பிரஷால் நீளவாக்கில் தேயுங்கள். கிரைண்டர் வைக்கவே கூடாது, எழுத்தோடு சேர்த்து வரலாற்றையும் சீவிவிடும். துடைத்துக் காய்ந்ததும் அக்கா ஒரு வித்தை செய்வார். கோலமாவை எடுத்து உள்ளங்கையால் தேய்ப்பார். பள்ளத்தில் மாவு தங்கி, புடைத்த எழுத்து கறுப்பாக நிற்கும். இருட்டின பிறகு பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தால் எதிர்த்த வீட்டுத் திண்ணையிலிருந்து படிக்கலாம். பார்த்து முடித்ததும் லேசாக எண்ணெய் தடவிவிட்டு வந்துவிடுவோம். எதையும் பெயர்த்து எடுத்து வருவதில்லை. வீட்டுக்காரருக்கே அதன் வயசு தெரிந்துவிட்டால், பழைய இரும்புக்காரனுக்குப் போட யோசிப்பார். அது போதும்.

பித்தளைத் தகட்டைப் பளபளக்கத் தேய்க்கிற பழக்கத்தையும் விடுங்கள். வருடா வருடம் பிராஸோ போட்டுத் தேய்த்தே எண் அழிந்துபோன தகடு ஒன்று எங்களிடம் வந்தது. எஞ்சினை நிலைய வாசலில் மேடை கட்டி நிறுத்தி, விழாவுக்கு விழா பெயின்ட் அடிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பெயின்டுக்குள்ளே மழைத் தண்ணீர் தங்கித் தகடு பொறுபொறுவென்று போய்விடும். ஒரு தகரக் கூரை போட்டால் பெயின்ட் செலவே மிச்சம். குழுவில் இதைச் சொன்னால், "அண்ணாச்சி, பிள்ளைங்க தொட்டுப் பாக்கணும்லா" என்று ஆட்டோ அண்ணன் சண்டைக்கு வருவார். கூரைக்குக் கீழேயும் தொடலாம் என்பது என் பதில்.

உயிரோடிருக்கும் நீராவியைப் பார்க்க இங்கிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீலகிரி மலை ரயில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், குன்னூர் வரை நீராவி, அதற்கு மேல் டீசல். தெற்கு ரயில்வேயில் மிஞ்சியிருக்கும் மீட்டர் கேஜ் அது ஒன்றுதான் என்பதாலேயே எங்களுக்கு அது குலதெய்வக் கோயில் மாதிரி. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. திருச்சி பொன்மலைப் பணிமனையில் இந்த நூற்றாண்டிலும் அதற்குப் புது நீராவி எஞ்சின் செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? செய்தார்கள். 2011 முதல் எண்ணெயில் எரியும் எஞ்சின்கள், பின்னர் கரியில் எரியும் எஞ்சினும். தொழில் அறிவு அரசுப் பணிமனைக்குள் இன்னும் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பையன்களைக் கூட்டிப்போனபோது ஒன்றைச் சொல்லிவைத்தேன்: மேலே போகும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளும், அதனால் எஞ்சினை ஒட்டிய கடைசிப் பெட்டியில் ஏறு. கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் பிடித்ததும் ஓசை மாறுவதைக் கேட்க அந்தப் பெட்டிதான் சரி. தண்ணீருக்கு வண்டி நிற்கும்போது இறங்கி, பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்ஸ்மேனிடம் பேச்சுக் கொடுங்கள். ஆளைத் தொந்தரவு செய்யாமல் கேட்டால் சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

நம் மலைக்கு வருகிறவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. பதிமூணு கண் பாலத்தைக் கீழே சாலையிலிருந்து பாருங்கள். மேலே ஏறித் தண்டவாளத்தில் நடக்காதீர்கள், குகைக்குள் போகாதீர்கள். இப்போது ஓடுவது பழைய தாலாட்டு வண்டி இல்லை. 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. நாங்கள் ரயில்வே எல்லைக்குள் ஒரு செடி பிடுங்குவதானாலும் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் போவோம். வாய்ச்சொல் அனுமதி, கொடுத்த அதிகாரி மாறியதும் காற்றோடு போய்விடும். ஒரு நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிய பழைய குழாய்த் தூணை (வாட்டர் காலம்) சுற்றி மண்டிய புதரை வெட்ட அனுமதி வாங்கவே ஒரு மழைக்காலம் கழிந்தது. கிடைத்ததும் கடிதத்தை நகல் எடுத்து ஆளுக்கொன்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். கேள்வி கேட்டவர்களுக்குப் பதிலாக அந்தக் காகிதம் பேசியது.

பருவமும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் அட்டை. உப்புத்துணி கட்டினாலும் ஏறும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் கூட்டம், ஆரியங்காவில் கால் வைக்க இடமிருக்காது. தை பிறந்து பங்குனி வரைதான் எங்களுக்கு வேலைக்காலம். பணத்தைப் பொறுத்தவரை வெளியே வசூல் இல்லை. டீக்கடையில் ஒரு நோட்டு, செலவு எழுதி ஆளுக்குப் பங்கு. பணம் சேர்ந்தால் தலைவர் வேண்டியிருக்கும், தலைவர் வந்தால் இரண்டு குழுவாகும். நான் பார்த்த சங்கங்கள் பலவும் போன வழி அது.

இப்போது பட்டறையில் ஒரு கூத்து நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீராவி எப்படித் தள்ளும் என்று காட்ட ஒரு சிலிண்டர் செய்திருக்கிறோம். பழைய பம்ப்செட் ஆயில் எஞ்சினின் லைனர், பிஸ்டன், ஃப்ளைவீல். வால்வுப் பெட்டி மட்டும் நான் கடைந்தது. பாயிலர் கிடையாது. பாயிலர் விளையாட்டுச் சாமான் இல்லை, தெரியாதவன் கையில் அது குண்டு. பஞ்சர்க்கடை கம்ப்ரஸரிலிருந்து காற்றை விடுகிறோம். நீராவி செய்கிற வேலையைக் குளிர்ந்த காற்று செய்துகாட்டும், யாருக்கும் சூடு படாது. பெரிய பழைய எஞ்சின்களின் அசைவைக் காட்டவும் இதே வழியைப் பல இடங்களில் கையாளுகிறார்கள்.

முதல் முறை ஓட்டியபோது பையன்கள் கைதட்டினார்கள். மாமா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஒண்ணு நீளமா விழுது, ஒண்ணு குட்டையா விழுது. ஒன் வால்வு நடுவுல உக்காரல." காது கேட்காத மனுசன் எப்படிக் கேட்டார் என்று தெரியவில்லை, மேசையில் வைத்திருந்த கைவழியாக இருக்கலாம். அளந்து பார்த்தால் வால்வு கம்பி நட்டு ஒன்றரைத் திருகு தள்ளித்தான் இருந்தது. சரிசெய்த பிறகும் அவருக்குத் திருப்தியில்லை, வால்வை அசைக்கிற எக்சென்ட்ரிக்கும் பிந்துகிறதாம். வருகிற ஞாயிறு அதைக் கழற்றுகிறோம். 14 நம்பர் ஸ்பேனர் இரண்டு காணாமல் போயிருக்கிறது, எடுத்தவர்கள் கொண்டுவந்தால் நல்லது.